கோடு போட்ட பூ

ஜூன் 3

சின்னவளுக்கு,

வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, இப்போது போய்ப் பத்திரமாக வந்து சேர்ந்தேன் என்று மட்டும் எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் என் தோளில் தூங்கினாள், நான் அவள் தலையில் தூங்கினேன், இரண்டு பேரும் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தோம். நடக்கும்போதுதான் நீ யார், நான் யார் என்றே கேட்டுக்கொண்டோம்.

உன் ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றித் தெருவில் எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டேன். கண்ணாடிக் கூடத்துக்கு ஒரு கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு, அதைத் திறக்கும் முன் இதை மூட வேண்டும், உடம்புக்கு வெள்ளை அங்கி, காலுக்கு உறை, போகும்போதும் வரும்போதும் பால் பவுடர் கரைத்த தண்ணீரில் கையை முக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். "பால்லயா கை கழுவுறாங்க? வேற யாராவது இருந்தா போய்ச் சொல்லு" என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர். நான் சொல்லி அவர் எதைத்தான் நம்பியிருக்கிறார். நானும் அவரிடம் எதைத்தான் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறேன்.

நீ என்னைச் செடிகளுக்கு நடுவில் நிற்க வைத்துவிட்டு, உங்கள் பேராசிரியப் பெரியவர் கூப்பிடுகிறார் என்று ஓடிப்போனாயே, அவ்வளவு நேரமும் நான் அந்தப் பூக்களோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். உன்னைவிட நன்றாகப் பேசின.

உன் அண்ணன் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் நான் பேசும்போது எழுந்து போகவும் இல்லை. நாற்று வளர்க்கிற குழித்தட்டில் மண் நிரப்புகிற பாவனையில் நிரப்பின தட்டையே கொட்டிக் கொட்டி நிரப்பிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் நம் நாற்றில் தேமல் நோய் வந்தபோது நீ நேராக வேளாண்மை ஆபீசுக்கு எழுதினாய், அவர்கள் வந்து பண்ணையைப் பூட்டினார்கள். "எழுதினது தப்புன்னு நான் சொல்லல. எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுதியிருக்கலாம்." இன்றைக்கும் இதுதான் அவர் பேச்சு. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரியாக இருந்து என் செருப்பு தேய்கிறது.

நிலக்காரர் வந்து போனார். இந்தப் பருவத்து நாற்று நல்லபடியாக வெளியே போனால் குத்தகையைத் தொடரலாம், இல்லையென்றால் நிலத்தைக் கிடங்கு கட்டக் கொடுத்துவிடுவாராம். உன் அண்ணன் சரி என்று தலையாட்டினார். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை போனால் பண்ணை போனதுதான், சின்னவளே. இதில் நான் வேடிக்கை எதுவும் சேர்க்கவில்லை.

நாற்றெல்லாம் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் சில தக்காளி இலைகளில் வெளிறின மாதிரி லேசாக ஒரு நிழல். என் கண்ணுக்குத்தான் தெரிகிறது, உன் அண்ணன் ஒன்றுமில்லை என்கிறார். இரண்டு இலையை ஈரத்துணியில் சுற்றி, பஸ் டிரைவர் கையில் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். பார்த்துச் சொல்.

உன் அண்ணி


ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

இலைகள் வாடாமல் வந்தன. இரண்டையும் அரைத்து, சாற்றைச் சோதித்தேன். பயப்பட வேண்டாம். அது தக்காளித் தேமல் வைரஸ் இல்லை. சாலையோரக் களைகளில் வாழும் ஒரு சாதுவான வைரஸ். தக்காளியில் எப்போதாவது வந்து ஒதுங்கும், செடியை ஒன்றும் செய்யாது. நாற்றைத் தாராளமாக வெளியே அனுப்பலாம்.

அங்கே நான் என்னதான் செய்கிறேன் என்று பஸ் ஏறும்போது கேட்டீர்கள். கிண்டலுக்குக் கேட்டீர்களா, நிஜமாகக் கேட்டீர்களா என்று தெரியவில்லை. நிஜம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்த மாதிரி வைரஸில் இரண்டே பொருள்தான். உள்ளே ஆர்.என்.ஏ என்கிற ஓர் இழை. அதைச் சுற்றிலும் அடுக்கடுக்காக மேலுறைப் புரதம். வைரஸ் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்த இழையில்தான் இருக்கிறது. மேலுறையை எப்படிச் செய்வது என்பதும் அதில்தான். நான் தக்காளித் தேமல் வைரஸின் இழையில் மேலுறைக்கான பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு வைரஸின் மேலுறைப் பகுதியை வைத்து இணைக்கிறேன். பிறகு அதைச் செடியின் இலையில் தேய்த்துவிட்டுக் காத்திருக்கிறேன். இந்தக் கலப்பு செடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது, செடி அதை எதைப் பார்த்து அடையாளம் காண்கிறது என்பதெல்லாம் இப்படித்தான் தெரியவரும். நோயைத் தராமல் நோயைத் தடுக்கும் ஒன்றை இதிலிருந்து ஒருநாள் செய்துவிடலாம் என்பது எங்கள் பேராசிரியரின் நம்பிக்கை. என்னுடையதும்.

இலையைச் சோதித்தது நான்தான் என்று அண்ணனிடம் சொல்லலாமா, வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சொன்னால் அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். வேண்டாம், அதை எழுத வேண்டாம்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 16

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் நாலாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வெளியே முட்டி போட்டு நின்றவள். எனக்குப் புரிந்தது இதுதான். ஒருத்தன் சட்டையைக் கழற்றி இன்னொருத்தனுக்கு மாட்டிவிட்டு, அவன் யார் என்று செடிக்குத் தெரிகிறதா பார்க்கிறாய். இதற்கு உனக்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள். உங்கள் அப்பா இருந்திருந்தால் உன்னை நாடகக் கம்பெனியிலேயே சேர்த்திருப்பார்.

அண்ணனிடம் சொன்னேன். "சோதிச்சவ உங்க தங்கச்சி. நாத்து சுத்தம்னு எழுதியிருக்கா" என்றேன். வெறுமனே "உம்" என்றார். ஆனால் அன்றைக்கு நிழல்வலைக் கூடத்தில் விசில் சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்ததும் நின்றுவிட்டது.

நாற்று எடுப்பதற்கு ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். முதல் ஆள் நம் மீசைக்காரர்தான். தக்காளி பாதி, மிளகாய் பாதி போடுகிறவர். தட்டைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்து, "வேர் நல்லாப் பிடிச்சிருக்கு, எங்க சம்பந்தி மாதிரி" என்றார். "உங்க சம்பந்தியும் தலைகீழாத் தட்டினாத்தான் வெளிய வருவாரா?" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் மீசையில் இருந்த டீ என் மேல் தெறித்தது. வியாழக்கிழமை காலையில் டிராக்டரோடு வருகிறார். அடுத்த வாரம் மற்றவர்கள்.

இப்போது ஒரு ரகசியம். திட்டக் கூடாது. நீ பெரியவரிடம் ஓடின நேரத்தில், மூலையில் குழல் மாதிரிப் பூத்து நின்றதே ஒரு செடி, ஊதாப் பூவில் வெள்ளை வெள்ளையாகக் கோடு, யாரோ தூரிகையில் இழுத்த மாதிரி, அதில் ஒரு கிளையை ஒடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வெள்ளை அங்கி எதற்குக் கொடுக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கேட்டிருந்தால் நீ கொடுத்திருக்க மாட்டாய், உன் குணம் எனக்குத் தெரியும். வந்த அன்றைக்கே நட்டேன், உடனே துளிர்த்தது. இப்போது பண்ணை வாசலில் தொட்டியில் பூத்துக் குலுங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். தினமும் காலையில் வாடின பூவைக் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் நாற்றைப் பிரித்து வைக்க உட்காருகிறேன்.

உன் களவாணி அண்ணி


ஜூன் 17, மதியம்

அண்ணி,

இதை டிரைவரிடம் நேரில் கொடுத்து, வேறு யாரிடமும் தராமல் உங்கள் கையிலேயே தரும்படி சொல்லியிருக்கிறேன். படித்து முடிக்கும் வரை சிரிக்க வேண்டாம்.

அந்தப் பூவுக்குக் கோடு பிறவியிலேயே கிடையாது. முழு ஊதாப் பூ அது. வெள்ளைக் கோடு வைரஸால் வந்தது. அந்தச் செடியில் இருந்தது என் கலப்பு.

உங்கள் கடிதம் நேற்று வந்ததும், மிச்சம் வைத்திருந்த இலைச்சாற்றை எடுத்து மறுபடி சோதித்தேன். முதலில் நான் செய்தது சீரம் சோதனை. சீரத்துக்கு வைரஸின் மேலுறை மட்டும்தான் தெரியும். அது காட்டியது களை வைரஸின் மேலுறையை. அதைப் பார்த்து, களை வைரஸ் என்று உங்களுக்கு எழுதிவிட்டேன். இந்த முறை உள்ளே இருக்கும் இழையைப் பார்த்தேன். உள்ளே இருப்பது தக்காளித் தேமல் வைரஸ். நடுவில் நான் இணைத்த இடம்கூடத் தெரிகிறது. உலகத்தில் வேறு யார் அந்த மேலுறையைப் பார்த்து ஏமாந்தாலும் நான் ஏமாந்திருக்கக் கூடாது. அதை அதற்குப் போட்டுவிட்டவளே நான்தான்.

இது கையால் பரவும். பூவைக் கிள்ளிய விரலோடு நாற்றைப் பிரித்திருக்கிறீர்கள். எந்தத் தட்டில் இருக்கிறது, எதில் இல்லை என்று இனிமேல் சொல்ல முடியாது.

நாற்று நன்றாகத்தானே இருக்கிறது என்று அண்ணன் கேட்பார். இருக்கும். தக்காளியில் இது மெதுவாகத்தான் வேலை செய்கிறது. எனக்குப் பயம் மிளகாயை நினைத்து. உங்கள் பக்கத்தில் எல்லோரும் போடுவது நோய் தாங்கும் மிளகாய் ரகம். தேமல் வைரஸ் உள்ளே வந்ததும் அந்தச் செடி அதன் மேலுறையைக் கண்டுபிடித்து அங்கேயே மடக்கிவிடும். கலப்பு வேறு மேலுறையில் வருகிறது. செடிக்கு அடையாளம் தெரியாது. இங்கே தொட்டியில் வைத்துப் பார்த்தோம், ஒரு செடி தப்பவில்லை. அது வயலுக்குப் போய்விட்டால் பிறகு யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. என்னாலும்.

ஒரு தட்டுகூட வெளியே போகக் கூடாது. எல்லாவற்றையும் எரிக்க வேண்டும், பூச்செடியையும் சேர்த்து. பால் பவுடரைக் கரைத்து அதில் கை நனைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள், பால் பட்ட கையிலிருந்து இந்த வைரஸ் பரவாது. என்னால் வர முடியாது. என் துணியிலும் கையிலும் அதே வைரஸ் இருக்கலாம்.

இங்கே பாதுகாப்புக் குழுவிடம் இதை இந்த நிமிஷமே சொல்லியாக வேண்டும். நாளை மதியம் சொல்லப் போகிறேன். அதற்குள் அண்ணனிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள். இந்த முறை அவருக்கு முதலில் தெரியட்டும்.

கிளை ஒடித்ததைச் சொல்ல வேண்டாம். என் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வந்தது என்று சொல்லுங்கள். நானும் அப்படியே சொல்லப் போகிறேன்.


ஜூன் 19

சின்னவளுக்கு,

எல்லாம் முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன். நடுவில் அழிந்திருக்கிற எழுத்துக்கு மழையைக் காரணம் சொல்ல மாட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று மாலையே அவரிடம் சொன்னேன். நீ சொன்னபடி இல்லை, நடந்தபடி. "உங்க தங்கச்சி செடியில நான் ஒரு கிளை திருடினேன். அதுல இருந்த நோய் என் கை வழியா நாத்துக்கு வந்துருச்சு. எல்லாத்தையும் எரிக்கணுமாம்." அவர் சிரித்தார். நான் மறுபடி சொன்னேன். இன்னும் சிரித்தார். "கிளையத் திருடினயா, இல்ல ஆராய்ச்சி நிலையத்தையே தூக்கிட்டு வந்துட்டயா?" என்றார். போன வருஷம், நாற்று மண்ணை வேகவைக்கிற உங்கள் அடுப்பை அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறதாம் என்று சொல்லி அவரை ஒரு நாள் முழுக்கப் பதற வைத்தவள் நான்தானே. கடிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை. "அவ எழுத்தை நான் படிக்கிறதில்லன்னு உனக்குத் தெரியாதா? அதை வச்சும் விளையாடாத." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காலையில் மீசைக்காரர் டிராக்டரோடு வந்துவிட்டார். நான் முன்னால் போய் நின்றேன். "அண்ணே, இதுல நோய் இருக்கு. உங்க மிளகாயெல்லாம் போயிரும், எடுக்காதீங்க." அவர் உன் அண்ணனைப் பார்த்தார். உன் அண்ணன், "நேத்துல இருந்து இதே பாட்டுதான் படிக்கிறா" என்றார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே தட்டுகளை ஏற்றினார்கள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். "சரி சரி, விடும்மா. இன்னைக்கு ரொம்ப நல்லா நடிக்கிற" என்றார் மீசைக்காரர். டிராக்டர் போய்விட்டது.

நான் இத்தனை வருஷமாகப் பேசின பேச்செல்லாம் வந்து என் வாயை அடைத்துக்கொண்டு நின்றது.

மண் வேகவைக்கிற அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நல்ல தட்டாகப் பார்த்து, நடுவரிசையில் இருந்து, ஒன்றைத் தூக்கி அதில் போட்டேன். பிறகு இன்னொன்று. நாற்று எரியும்போது பச்சை வாடை அடித்தது. மூன்றாவது தட்டைத் தூக்கும்போது உன் அண்ணன் சிரிப்பை நிறுத்தியிருந்தார். "கடுதாசி எங்க" என்றார்.

நின்றபடியே படித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நீ போ. அவரை நிறுத்து. இங்க நான் பாத்துக்கறேன்." அவ்வளவுதான் சொன்னார். பாலைக் கரைத்து வைத்துவிட்டு ஓடினேன்.

மீசைக்காரர் வயலில் அதற்குள் சில வரிசை நட்டுவிட்டார்கள். பக்கத்திலேயே மிளகாய், பூ விட்டிருக்கிறது. நான் வரப்பில் நின்று சொன்னேன். அவர் நிமிரவே இல்லை. "போன மாசம் என் மாட்டுக்குக் கண்ணு மங்கிருச்சு, கண்ணாடி போடணும்னு சொன்னவதானே நீ. போய் வேலையப் பாரு." நட்டுக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தாலே ஜனங்களுக்குச் சிரிப்பு தயாராக இருக்கிறது, சின்னவளே. நான்தான் அப்படிப் பழக்கியிருக்கிறேன்.

அவர் வீட்டம்மா கேணிப் பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். என் கையைப் பிடித்துப் பார்த்தாள். கை ஆடிக்கொண்டிருந்தது, நான் நிறுத்தப் பார்த்தும் நிற்கவில்லை. "இந்தாங்க, இவ விளையாடல" என்று புருஷனைக் கூப்பிட்டாள். "நட்டதைப் பிடுங்குங்க. எதுக்குன்னு அப்புறம் கேட்டுக்கலாம்."

அவர் என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு எப்படி இறங்கியது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிடுங்கினோம். வயல் மூலையில் குழி வெட்டி எரித்தோம். மதியத்துக்கு மேல் உன் ஆட்கள் வெள்ளை அங்கியோடு வந்தார்கள், மிளகாய் இலைகளைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். நம் பண்ணையில் அவர்களுக்கு வேலை இல்லை. உன் அண்ணன் ஒரு தட்டு பாக்கி வைக்கவில்லை.

பூச்செடியை அவர் தொடவில்லை. அதை மட்டும் நான் எரிக்க வேண்டும் என்று விட்டு வைத்திருந்தார். எரித்தேன்.

அண்ணி


ஜூலை 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் இத்தனை நாள் எழுதவில்லை.

மிளகாய் இலைகளின் முதல் சோதனை முடிந்தது. இந்த முறை மேலுறையையும் பார்த்தார்கள், உள் இழையையும் பார்த்தார்கள். இரண்டுமே இல்லை. ஆனால் செடிக்குள் போன வைரஸ் தெரியவர நாளாகும். மீண்டும் வந்து இலை எடுப்பார்கள். அதுவரை மீசைக்காரர் அந்த வயலுக்குள் போன செருப்பையும் கருவியையும் வேறு எங்கும் கொண்டுபோகக் கூடாது. இதை அவரிடம் சொல்லுங்கள், இப்போது நம்புவார்.

பாதுகாப்புக் குழு என்னைக் கூப்பிட்டு விசாரித்தது. தெரிந்தது எப்போது, சொன்னது எப்போது என்று பேராசிரியர் கேட்டார். முதல் நாள் மதியம் தெரிந்தது, மறுநாள் மதியம் சொன்னேன் என்றேன். அந்த இடைவெளியில்தான் டிராக்டர் போனது என்பதை அவர் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. உடனே சொல்லியிருந்தால் இங்கிருந்து வண்டி அன்று மாலையே கிளம்பியிருக்கும். ஒரு செடிகூட வயலில் இறங்கியிருக்காது.

அண்ணனுக்கு முதலில் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அதற்காக இன்னொருவர் வயலைப் பணயம் வைத்தேன். நான் செய்தது இதுதான்.

கலப்பு முழுவதையும் அழித்துவிட்டார்கள். செடி, சாறு, குளிர்பெட்டியில் வைத்திருந்த குப்பிகள், எல்லாம் கொதிகலத்துக்குப் போயின. நானே எடுத்துக் கொடுத்தேன். பல வருஷ வேலை ஒரு தள்ளுவண்டியில் அடங்கிவிட்டது. அதற்காக நான் அழவில்லை. உங்கள் அடுப்பை நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

வைரஸ் என் சட்டைக் கையில் ஒட்டி வெளியே போனது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். உங்களைக் கண்ணாடிக் கூடத்தில் தனியாக நிற்க விட்டுப் போனது நான்தான்.

குத்தகை என்ன ஆயிற்று?

உங்கள் நாத்தனார்


ஜூலை 12

சின்னவளுக்கு,

குத்தகை போயிற்று. நிலக்காரர் சத்தம் போடவில்லை, அதுவே கஷ்டமாக இருந்தது. நிழல்வலையைப் பிரித்து மடித்தோம். உன் அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பெரிய ஜமக்காளத்தை மடிக்கிற மாதிரி, நடுவில் வந்து சந்தித்து, மறுபடி விலகி.

அடுத்தது உனக்குத் தெரியாது. நேற்று நான் உன் நிலையத்துக்கு வந்துவிட்டுப் போனேன். உன்னைப் பார்க்க வரவில்லை. வாசலிலேயே நின்று உன் பெரியவரைக் கூப்பிடச் சொன்னேன். உள்ளே கூப்பிட்டார், வரமாட்டேன் என்றேன். மரத்தடியில் நின்றபடியே சொன்னேன். "சட்டைக் கைங்கிறது பொய். கிளையை ஒடிச்சவ நான். இடுப்புல செருகிட்டு வந்தேன். அவளுக்குத் தெரியாது." எதற்கு ஒடித்தாய் என்று கேட்டார். "அழகா இருந்துச்சு" என்றேன். வேறு காரணம் யோசித்துப் பார்த்தேன், இல்லை.

அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். எழுதினதை என்னிடமே படித்துக் காட்டி, சரிதானே என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டதும், சரிதான் என்று இரண்டு தடவை சொன்னேன்.

நீ என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னது தப்பு. பொய் சொல்வது நம் வீட்டில் என் வேலை.

இன்னொன்று. டிராக்டர் போன இடைவெளியைப் பற்றி நீ எழுதினதை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "இந்தத் தடவையும் அவ ஆபீசுக்குத்தான் மொதல்ல சொல்லியிருக்கணும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் அவருடையது மாதிரி இல்லை. இதை உனக்கு எழுதச் சொல்லவில்லை, எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அண்ணி


ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று காலையில் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். மிளகாய் வயலின் கடைசி முடிவு. எல்லா வரிசையிலும் எடுத்த இலை. மேலுறை இல்லை, இழையும் இல்லை. சுத்தம். மீசைக்காரர் தாராளமாக அறுவடை செய்யலாம்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கடந்து போனவர்கள் ஏதாவது துக்கச் செய்தியா என்று கேட்டார்கள்.

கலப்பு வேலையில் என்னைத் திரும்பச் சேர்க்கவில்லை. உங்கள் வாக்குமூலத்துக்குப் பிறகும்தான். கிளையை ஒடித்தது நீங்கள், தாமதம் என்னுடையது, பொய்யும் என்னுடையது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இப்போது விதைச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். யாரோ அனுப்பும் இலைகளைப் பார்த்து நோய் உண்டு, இல்லை என்று எழுதுகிறேன். சீரம் சோதனை மட்டும் போதும் என்பது இங்கே விதி. நான் இரண்டையும் செய்கிறேன். வேகம் போதவில்லை என்று மேலாளர் சொல்கிறார்.

வேலை செய்யும்போது, இந்த இலைக்குப் பின்னால் எந்தப் பண்ணையோ, யார் வீட்டு அடுப்போ என்று தோன்றும். முன்பெல்லாம் தோன்றியதில்லை.

இப்போது என் துணியிலும் கையிலும் எதுவும் இல்லை. ஒரு நாள் வரலாமா? அண்ணன் வீட்டில் இல்லாத நேரமாக இருந்தாலும் சரி. அவரிடம் கேட்க வேண்டாம். கேட்டாலும், என்ன சொன்னார் என்று மாற்றாமல் எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 27

சின்னவளுக்கு,

மீசைக்காரர் மிளகாய் பறிக்க ஆரம்பித்துவிட்டார். உன் தாளைப் படித்துக் காட்டியதும் அவர் வீட்டம்மா முதல் கூடையை எனக்குக் கொடுத்தாள். நான் வாங்கவில்லை. அவள் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். உன் அண்ணன் இப்போது அவர் வயலில்தான் கூலிக்குப் போகிறார். காலையில் போய்ச் சாயங்காலம் வருகிறார். சொந்த வேலை இல்லாத ஆளின் நடை வேறு மாதிரி இருக்கிறது, நீ வந்தால் உனக்கே தெரியும். நம் பண்ணை இருந்த இடத்தில் கிடங்குக்குத் தூண் எழுப்பிவிட்டார்கள். நான் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. தையல்காரர் கடையில் எனக்குப் பொத்தான் வைக்கிற வேலை கிடைத்திருக்கிறது.

ஒரு சங்கடம் உண்டு. என் பேச்சு செல்லாக்காசு ஆகிவிட்டது, ஆனால் முன்னைப் போல இல்லை, தலைகீழாக. இப்போது நான் எதைச் சொன்னாலும் எல்லோரும் நம்புகிறார்கள். முந்தாநாள் தையல்காரரிடம், "உங்க கத்திரி ராத்திரியெல்லாம் தானா வெட்டுதாம், பக்கத்துக் கடைக்காரர் பார்த்தாராம்" என்றேன். கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, "நிஜமாவாம்மா?" என்று என் முகத்தைப் பார்த்தார். வீட்டில் உப்பு தீர்ந்துபோயிற்று என்று சொன்னால்கூட உன் அண்ணன் முகம் வெளுக்கிறது. தெருவே என்னிடம் நிஜமா, நிஜமா என்று கேட்கிறது. வேடிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்லிச் செய்கிற வேடிக்கையில் என்ன இருக்கிறது? வாயை மூடிக்கொண்டு பொத்தான் வைக்கிறேன்.

உன் கடிதத்துக்கு வருகிறேன். நீ கேட்க வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தாய். நான் கேட்கவும் இல்லை. நேற்றுச் சாயங்காலம் உன் அண்ணன் வந்து, கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். கடிதம் ஜன்னலில் இருந்தது. அவராக எடுத்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே நின்று ஒரு பாத்திரத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

படித்து முடித்து மடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "வரச் சொல்லு" என்றார்.

எனக்கு நன்றாகத்தான் கேட்டது. ஆனாலும் வெளியே வந்து, "நிஜமாவா சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டேன். தெரு முழுக்க என்னிடம் கேட்கிற கேள்வி என் வாயிலேயே வந்துவிட்டது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நீ சொன்னபடி ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்.

"நான் என்னைக்குடி விளையாட்டுக்குப் பேசியிருக்கேன்?"

வா.

அண்ணி